ஸ்டாக் மெர்க்ரூஸர் 502 படகு இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர்: எந்த வேலைக்குப் பின் எந்த வேலை

சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி ஊதும் கருவி. ஸ்டாக் இன்ஜினில், அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள இன்ஜினில், அதைப் பொருத்துவது இந்த வேலையிலேயே எளிய பகுதி. பிராக்கெட், போல்ட், பெல்ட் எல்லாம் கிட்டிலேயே வரும். படம் போட்ட விளக்கமும் இருக்கும். இன்ஜின் உடைவது அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டதால்தான். பெட்ரோல் போதாமல் பிஸ்டன் உருகும். மாற்றாத ப்ரொப்பெல்லரோடு ஓடி ஆர்பிஎம் எல்லை மீறும். அழுத்திய காற்றை நீரால் குளிர்விக்கும் இன்டர்கூலரில் விரிசல் விட்டுத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஆகவே இங்கே சூப்பர்சார்ஜர் ஏழாவது படியில்தான் வருகிறது.

உதாரணத்துக்கு எடுத்திருப்பது அமெரிக்க ஏரிப் படகுகளில் அதிகம் காணப்படும் மெர்க்ரூஸர் 502 மேக்னம் எம்பிஐ. 502 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர், 415 குதிரைத்திறன், கம்ப்ரஷன் விகிதம் 8.75:1, பின்னால் ப்ரொப்பெல்லரைச் சுற்றும் பிராவோ ஒன் ஸ்டெர்ன்ட்ரைவ். இதில் இன்டர்கூலரோடு கூடிய சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர், 5 பிஎஸ்ஐ பூஸ்ட் (வளிமண்டலத்துக்கு மேல் ஏற்றும் காற்றழுத்தம்), இலக்கு 500 முதல் 520 குதிரைத்திறன். வேறு பெட்ரோல் வி8 என்றால் எண்கள் மாறும், வரிசை மாறாது. நம் ஊர் விசைப்படகுகளின் டீசல் இன்ஜினுக்கோ அவுட்போர்டுக்கோ இது பொருந்தாது.

தொடங்கும் முன் ஒரு சட்ட விஷயம். அமெரிக்காவில் 2010 மாடல் ஆண்டு முதல் ஸ்டெர்ன்ட்ரைவ் பெட்ரோல் இன்ஜின்கள் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதியின் கீழ் வருகின்றன. பெரும்பாலானவை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு வரும். அவற்றைக் கழற்றுவதும் மாற்றுவதும் சட்டவிரோதம். பழைய இன்ஜினை எடுங்கள். படகின் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

1. இன்ஜின் இதைத் தாங்குமா என்று பாருங்கள்

காரில் முழு சக்தி சில நொடிகளுக்குத்தான் தேவைப்படும். படகு இன்ஜினோ முழு லோடோடு நாள் முழுக்க மலை ஏறும் லாரியைப் போல. ஆக்ஸிலரேட்டரை விட்டு உருண்டுபோக இறக்கமே கிடையாது. காரில் 8 பிஎஸ்ஐ தாங்கும் அதே பிளாக்குக்குப் படகில் 5 போதும் என்பது இதனால்தான்.

கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். எட்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, இக்னிஷனையும் ஃப்யூயல் பம்பையும் துண்டித்து, முழு சார்ஜ் உள்ள பேட்டரியில் சுழற்றுங்கள். உயர்ந்த சிலிண்டருக்கும் தாழ்ந்த சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேலை அங்கேயே நிற்கட்டும்.

அடுத்து லீக்-டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை ஏற்றிக் கசிவை அளப்பது. கசிவு 10 சதவீதத்தைத் தாண்டும் சிலிண்டரில் காற்று எந்த வழியாகப் போகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், த்ராட்டில் பாடியில் கேட்டால் இன்டேக் வால்வு, எக்ஸாஸ்ட் பக்கம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கம்ப்ரஷன் டெஸ்டில் தப்பிவிடும் குறைகள் இதில்தான் பிடிபடும். இரண்டையும் செய்யுங்கள்.

பிஸ்டன் ஃபோர்ஜ்டா (அடித்து உருவாக்கியதா), வார்ப்பா என்பதை இன்ஜின் சீரியல் எண்ணை வைத்துப் பார்ட்ஸ் பட்டியலில் உறுதி செய்யுங்கள். வார்ப்பு பிஸ்டன் உள்ள 7.4 லிட்டர் மாடல்களில் 4 பிஎஸ்ஐக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இன்ஜினைத் திறந்து கட்டுவதாக இருந்தால் மேல் ரிங் இடைவெளியைப் போர் அளவின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.005 முதல் 0.006 அங்குலம் என்று வையுங்கள். 4.47 அங்குலப் போருக்கு அது ஏறத்தாழ 0.57 முதல் 0.68 மில்லிமீட்டர். இடைவெளி குறைந்தால், நீண்ட நேர வெப்பத்தில் ரிங் நீண்டு, முனைகள் மோதி, பிஸ்டனின் ரிங் மேட்டைப் பெயர்த்துவிடும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் அதன் மேல் சேரும் ரைசரையும் மறக்க வேண்டாம். உப்புநீரில் ஓடிய படகு என்றால் ரைசரைக் கழற்றி உள்ளே பாருங்கள். சேரும் இடத்தில் துருக் கோடு வழிந்திருந்தால் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். அதன் வழியே வரும் நீர் எக்ஸாஸ்ட் வால்வைத்தான் முதலில் தின்னும்.

2. மாற்றுவதற்கு முன் ஒரு முறை நீரில் ஓட்டி எழுதி வையுங்கள்

ஸ்டாக் நிலையில் வழக்கமான லோடோடு முழு த்ராட்டிலில் ஓட்டுங்கள். குறிக்க வேண்டியவை: ஆர்பிஎம், ஜிபிஎஸ் வேகம், நீர் வெப்பம், ஆயில் அழுத்தம், பெட்ரோல் அழுத்தம், இன்ஜின் அறையின் காற்று வெப்பம். இந்த இன்ஜினின் முழு த்ராட்டில் எல்லை 4600 முதல் 5000 ஆர்பிஎம். 4400க்கு மேல் ஏறவில்லை என்றால் ப்ரொப்பெல்லர் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது இன்ஜினில் குறை இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் பூஸ்ட் ஏற்றினால் குறை மறையாது, பெரிதாகும்.

இன்னொரு அளவு முக்கியம். பெட்ரோல் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு வேக்யூம் கேஜை இணைத்து முழு த்ராட்டிலில் படியுங்கள். 2 அங்குலப் பாதரசத்துக்கு மேல் காட்டினால் டேங்கிலிருந்து பெட்ரோல் சரளமாக வரவில்லை. ஸ்டாக் இன்ஜினுக்கே திணறும் குழாய் 520 குதிரைத்திறனுக்குப் போதாது. பெரும்பாலானோர் தவறவிடும் சோதனை இது.

3. பூஸ்டை முதலில் தீர்மானியுங்கள், பிறகு கிட்

வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. 5 பிஎஸ்ஐ பூஸ்ட் சேர்ந்தால் அழுத்த விகிதம் 1.34. 415ஐ 1.34ஆல் பெருக்கினால் 556 வருகிறது. சூப்பர்சார்ஜரைச் சுற்றச் செலவாகும் சக்தியும் காற்று சூடாவதால் வரும் இழப்பும் போக 500 முதல் 520 கையில் நிற்கும். விளம்பரத்தில் இதைவிடப் பெரிய எண் இருந்தாலும் கணக்கை இதிலேயே போடுங்கள்.

வெப்பம் இங்கே பெரிய விஷயம். 35 டிகிரி செல்சியஸில் நுழையும் காற்று 5 பிஎஸ்ஐயில், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரில், சுமார் 73 டிகிரிக்கு ஏறும். கோடையில் லேக் ஹவாசு போன்ற பாலைவன ஏரியில் மூடிய இன்ஜின் அறைக் காற்று 60 டிகிரியைத் தொடும். அதை இழுத்தால் வெளியே வருவது 100 டிகிரி. இந்த வெப்பத்தில் நாக், அதாவது சிலிண்டரில் கலவை தானாக வெடிப்பது, வராமல் தடுப்பது கடினம். இன்டர்கூலர் இல்லாத கிட் மலிவு என்று வாங்குவது கடைசியில் அதிகச் செலவு வைக்கும்.

ரூட்ஸ், ட்வின்-ஸ்க்ரூ வகைகள் குறைந்த ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் தரும். படகு சீக்கிரம் எழும்பி நீர்மட்டத்தில் சறுக்கத் தொடங்கும். ஆனால் இன்டேக் மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும். சென்ட்ரிஃபியூகலில் பூஸ்ட் ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு ஏறும். 5000இல் 5 பிஎஸ்ஐ தருவது 3500இல், த்ராட்டில் முழுதாகத் திறந்திருந்தாலும், ஏறத்தாழ இரண்டரைதான் தரும். சாதாரணப் பயண வேகத்தில் இன்ஜினுக்குப் பாரமே தெரியாது. ஸ்டாக் இன்ஜினுக்கு இதுதான் பாதுகாப்பான வழி.

கார்பரேட்டர் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்பரேட்டர் வழியே பூஸ்ட் ஊதும் முறையில் ஃப்ளோட், பவர் வால்வு, த்ராட்டில் தண்டின் சீல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அழுத்தத்தோடு பெட்ரோல் படகின் அடிப்பகுதியான மூடிய பில்ஜுக்குள் பீய்ச்சும். முதல் முறை செய்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

4. பெட்ரோல்: முதலில் முடிக்க வேண்டிய வேலை

சூப்பர்சார்ஜ் செய்த இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.60 பவுண்ட் பெட்ரோல் என்று வையுங்கள். 520க்கு 312 பவுண்ட்; ஏறத்தாழ 141 கிலோ, 190 லிட்டர். எட்டு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 39 பவுண்ட். இன்ஜெக்டர் 80 முதல் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. ஆகவே 46 முதல் 49 வேண்டும். நடைமுறையில் 48 அல்லது 50 பவுண்ட் இன்ஜெக்டர், அதாவது நிமிடத்துக்கு 500 முதல் 525 மில்லிலிட்டர்.

பம்ப் இந்த 190 லிட்டரையும் அதற்கு மேல் கால் பங்கையும் தர வேண்டும். பூஸ்டின்போது இருக்கும் அழுத்தத்தில் எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தரும் அளவு குறையும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

கார் பம்ப் வாங்கி மாட்டாதீர்கள். படகின் பில்ஜ் மூடிய அறை. காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஆவி அடியில் தேங்கும். இன்ஜின் அறையில் இருக்கும் ஒவ்வொரு மின்பாகமும், அதாவது ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ரிலே, பம்ப் எல்லாம், தீப்பொறி வெளியே போகாத வகையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். எஸ்ஏஇ ஜே1171 என்ற குறியீடு பாகத்தில் இருக்கிறதா பாருங்கள். குழாயில் யுஎஸ்சிஜி டைப் ஏ1-15 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அழுத்தப் பக்கத்தில் கிரிம்ப் செய்த முனைகளைத்தான் பயன்படுத்த வேண்டும்; கிளாம்ப் போட்டு இறுக்கக் கூடாது. மின்பம்ப் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதும் ஓடும்போதும் மட்டுமே இயங்கும்படி வயரிங் இருக்க வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதியும் அதுதான். சாவி ஆனில் இருக்கும் நேரமெல்லாம் பம்ப் ஓடினால், குழாயில் ஓட்டை விழும்போது டேங்க் முழுதும் பில்ஜுக்கு வந்துவிடும்.

இரண்டாம் படியில் வேக்யூம் அதிகம் காட்டியிருந்தால் முதல் சந்தேகம் டேங்கின் வாயில் உள்ள ஆன்டி-சைஃபன் வால்வு. அதைக் கழற்றி எறியச் சிலர் சொல்வார்கள். எறியாதீர்கள். குழாய் அறுந்தால் பெட்ரோல் தானாக வழிவதைத் தடுப்பது அதுதான். அதிக ஓட்டம் தரும் வால்வாக மாற்றுங்கள். டேங்கின் உறிஞ்சு குழாயையும் லைனையும் 3/8 அங்குலத்திலிருந்து 1/2 அங்குலமாக்குங்கள். 10 மைக்ரான் நீர்பிரிப்பு ஃபில்டர் புதிதாகப் போடுங்கள்.

பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டரின் சிறு குழாய் இன்டேக் மேனிஃபோல்டோடு இணைந்திருக்க வேண்டும். பூஸ்ட் 1 பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோல் அழுத்தமும் 1 பிஎஸ்ஐ ஏற வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜெக்டர் எதிர்அழுத்தத்தில் ஊற்ற முடியாமல் கலவை மெலியும், அதுவும் சரியாக முழு த்ராட்டிலில்.

எந்தப் பெட்ரோல்? அமெரிக்கப் பம்பில் எழுதியிருக்கும் 91 ஆக்டேன் நம் ஊர்க் கணக்கில் சுமார் 95 அல்லது 96. அதற்குக் குறைந்து ஓட்டாதீர்கள். மரீனாக்களில் 87 அல்லது 89 மட்டுமே இருப்பது சகஜம். ஏரிக்குப் போவதற்கு முன் கேட்டுவிடுங்கள். 15 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் படகில் ஊற்றுவது அங்கே சட்டப்படியே கூடாது.

5. ஈசியு, டைமிங், பிளக்

இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஸ்டாக் ஈசியுவுக்கு இன்டேக் அழுத்தத்தைச் சொல்லும் மேப் சென்சர் வளிமண்டல அழுத்தம் வரைதான் படிக்கும். பூஸ்ட் வந்ததே அதற்குத் தெரியாது. கூடுதல் பெட்ரோலும் ஊற்றாது, தீப்பொறி விழும் நேரமான டைமிங்கையும் குறைக்காது. 2 பார் மேப் சென்சர் போட்டு, புதிய இன்ஜெக்டருக்கும் பூஸ்டுக்கும் ஏற்றபடி ஈசியுவை மறுபடி கேலிபரேட் செய்ய வேண்டும். பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் பல மடங்கு ஏற்றிச் சமாளிக்கும் ரெகுலேட்டர்கள் விற்கின்றன. சமாளிப்பு என்பதைத் தாண்டி அவற்றில் ஒன்றுமில்லை. மணிக்கணக்கில் ஓடும் படகில் போடாதீர்கள்.

ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஏறத்தாழ 1 டிகிரி டைமிங்கைப் பின்னுக்கு இழுங்கள். மொத்தம் 32 டிகிரி இருந்தால் 5 பிஎஸ்ஐயில் 27. அடிப்படை டைமிங்கைப் பார்க்கும்போது ஈசியுவை முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சும்மா டைமிங் லைட் அடித்தால் ஈசியு தானாக முன்பின் நகர்த்திய எண்ணைத்தான் பார்ப்பீர்கள். அதை நம்பி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் எல்லாமே பிசகும்.

பிளக் ஒரு படி குளிர்ந்ததாக வேண்டும். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி. ஏசி டெல்கோவிலும் சாம்பியனிலும் எண் குறைந்தால் குளிர்ச்சி. இதைத் தலைகீழாக வாங்கி வந்து பிஸ்டனில் ஓட்டை போட்டுக்கொள்பவர்கள் உண்டு. இடைவெளி 0.035 அங்குலம், 0.9 மில்லிமீட்டர். பூஸ்டில் அகலமான இடைவெளியைத் தாண்ட முடியாமல் தீப்பொறி அணையும். பிளக் வயரும் கேப்பும் ரோட்டரும் புதிதாக இருக்கட்டும்.

6. சூப்பர்சார்ஜர் இல்லாமல் ஒரு ஓட்டம்

பலரும் தாண்டிப்போகும் படி இது. புதிய இன்ஜெக்டர், பம்ப், ஈசியு எல்லாம் மாட்டியாயிற்று. காற்று வரும் வழி மட்டும் இன்னும் ஸ்டாக். பேக்ஃபயர் நெருப்பைத் தடுக்கும் பழைய ஃப்ளேம் அரெஸ்டர் த்ராட்டில் பாடியிலேயே இருக்கட்டும். பில்ஜ் ப்ளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, பெட்ரோல் இணைப்புகளை மூக்காலும் உலர்ந்த துணியாலும் சோதித்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஏரியில் 3000 ஆர்பிஎம் வரை ஓட்டிப் பாருங்கள்.

ஐடிலில் தடுமாறினாலோ, கறுப்புப் புகை வந்தாலோ, பெட்ரோல் அழுத்தம் விழுந்தாலோ காரணம் நீங்கள் இப்போது மாற்றிய ஐந்தாறு பொருள்களுக்குள்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டியவருக்கு அதே கோளாறைத் தேட வாரக்கணக்காகும்.

7. சூப்பர்சார்ஜரைப் பொருத்துதல்

பிராக்கெட்டைக் கையால் இறுக்கி நிறுத்தி, கிராங்க் புல்லிக்கும் சூப்பர்சார்ஜர் புல்லிக்கும் குறுக்கே நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்த பிறகே டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 1 மில்லிமீட்டர் கோணல் இருந்தாலும் பெல்ட் விளிம்பு கிழிந்து கறுப்புத் தூள் கொட்டும். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் பெல்ட் இறுக்கத்தை மீண்டும் பாருங்கள்.

சூப்பர்சார்ஜரின் கியர்கள் தனக்கென்று ஆயில் வைத்திருக்கும் வகை என்றால் வேலை சுலபம். இன்ஜின் ஆயிலில் ஓடும் வகை என்றால் திரும்பி வரும் குழாய் ஆயில் பேனில் ஆயில் மட்டத்துக்கு மேலே நுழைய வேண்டும். எங்கும் பள்ளம் விழாமல் சரிந்தே வர வேண்டும். படகு எழும்பும்போது முன்பக்கம் தூக்கி ஆயில் பின்னால் ஓடும் என்பதையும் கணக்கில் எடுத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மட்டத்துக்குக் கீழே நுழைத்தால் ஆயில் வடியாமல் சூப்பர்சார்ஜர் சீலைத் தள்ளிக்கொண்டு இன்டேக்கில் கலக்கும். ஆயில் கலந்த காற்று ஆக்டேனைக் குறைக்கும், அடுத்தது நாக்.

ஃப்ளேம் அரெஸ்டர் இப்போது சூப்பர்சார்ஜரின் நுழைவாயிலுக்கு இடம் மாறுகிறது. அதை நீக்கிவிட்டுக் கார் ஏர் ஃபில்டர் போட்டால் பேக்ஃபயர் நெருப்பு பில்ஜுக்குள் வரும். அங்கீகார முத்திரை உள்ள, அளவில் பெரிய அரெஸ்டர் வேண்டும். 520 குதிரைத்திறனில் இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 22 கன மீட்டருக்கு மேல் காற்று இழுக்கும். படகின் பக்கவாட்டு வென்ட்டிலிருந்து ஒரு குழாயை அரெஸ்டரின் வாய்க்கு அருகே கொண்டுவந்தால் அறையின் சூடான காற்றுக்குப் பதில் வெளிக்காற்று கிடைக்கும். அலை தெறித்து நீர் நேராக நுழையாதபடி குழாயை ஒரு வளைவோடு கொண்டுவாருங்கள்.

கிராங்க்கேஸ் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு இன்டேக் மேனிஃபோல்டோடு இணைந்தபடியே விடப்பட்டால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் போகும். டிப்ஸ்டிக் எகிறும், பின் சீல் ஒழுகும். ஒருவழி வால்வு போடுங்கள், அல்லது ப்ரீதர் குழாய்களைச் சூப்பர்சார்ஜரின் நுழைவாயிலுக்குக் கொண்டுபோங்கள். பில்ஜுக்குள் திறந்து விடக் கூடாது.

அழுத்தக் காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைக் கட்டாயம் போடுங்கள். அலையில் படகு எழும்பி ப்ரொப்பெல்லர் காற்றில் சுழலும் கணத்தில் ஓட்டுபவர் த்ராட்டிலைச் சட்டென்று மூடுவார். அழுத்தக் காற்று போக இடமில்லாமல் கம்ப்ரஸர் சக்கரத்தையே திருப்பி அடிக்கும். காரைவிடப் படகில் இது அடிக்கடி நடக்கும்.

8. இன்டர்கூலருக்கு நீர்

இன்டர்கூலருக்குப் போகும் நீர், இன்ஜினைத் தொடாத குளிர்நீராக இருக்க வேண்டும். பிராவோ வகையில் இன்ஜினிலேயே இருக்கும் கடல்நீர்ப் பம்பின் வெளிவாயிலிருந்து ஒரு கிளை எடுப்பதை முதலில் முயலுங்கள். படகின் உடலில் புதிய துளை தேவைப்படாது. இம்பெல்லரைப் புதிதாக மாற்றிவிட்டு, இன்டர்கூலருக்கு முன் ஒரு நீர் அழுத்தக் கேஜும் சிறு வடிகட்டியும் போடுங்கள். கிளை எடுத்த பின் இன்ஜினின் நீர் வெப்பம் ஏறினால் மட்டும், படகின் உடலில் துளையிட்டு நீர் எடுக்கும் தனிப் பிக்அப் பற்றி யோசியுங்கள்.

தனிப் பிக்அப் வைத்தால் வேகத்தோடு நீர் அழுத்தமும் ஏறும். கிட் சொல்லும் எல்லைக்கு மேல் போகாமல் ஒரு ரிலீஃப் வால்வு வேண்டும். எல்லை தாண்டினால் இன்டர்கூலரின் உள்குழாய் பிளந்து நீர் சிலிண்டருக்குள் போகும். நீர் சுருங்காது, கனெக்டிங் ராட் வளையும்.

வெளியேறும் நீரை எக்ஸாஸ்டில் கலக்காமல், நீர்மட்டத்துக்கு மேலே தனி வாய் வழியாக வெளியே விடுங்கள். ஓடுகிறதா என்று ஓட்டும்போதே கண்ணால் பார்க்கலாம். காற்றுக் குழாயை இணைப்பதற்கு முன் நீரை மட்டும் ஓடவிட்டு, காற்றுப் பக்கம் ஒரு துளியும் கசியவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

9. ட்ரைவ், கேஜ்

ஆல்ஃபா ஒன் ட்ரைவ் 300 குதிரைத்திறன் அளவுக்கானது, அதை மறந்துவிடுங்கள். ஸ்டாண்டர்ட் பிராவோ ஒன் 500ஐ நெருங்கும்போது எல்லையில் நிற்கிறது. த்ராட்டிலை மெதுவாகத் திறப்பவரிடம் ஆண்டுக்கணக்கில் உழைக்கும், அலைமேல் குதிப்பவரிடம் ஒரு கோடையில் கியர் போகும். பின்னவர் என்றால் பிராவோ எக்ஸ்ஆர் விலையையும் பட்ஜெட்டில் சேருங்கள். எதுவானாலும் ட்ரைவைக் கழற்றி இன்ஜின் அலைன்மென்ட், யூ-ஜாயின்ட், கிம்பல் பேரிங், கப்ளர் ஆகிய நான்கையும் சோதியுங்கள்.

கேஜ்கள் நான்கு: பூஸ்ட், பெட்ரோல் அழுத்தம், இன்டர்கூலருக்குப் பின் காற்று வெப்பம், காற்று-பெட்ரோல் விகிதம். பெட்ரோல் குழாயை ஓட்டுநர் பலகைக்குக் கொண்டுவரவே கூடாது. எலெக்ட்ரிக் சென்டர் வகை வாங்குங்கள். காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சர் எக்ஸாஸ்டில் நீர் கலக்கும் இடத்துக்கு முன்னால், உலர்ந்த பகுதியில் இருக்க வேண்டும். ஈரம் பட்டால் செத்துவிடும். ட்யூனிங் முடிந்ததும் அதைக் கழற்றி அடைப்பான் போடுங்கள்.

10. நீரில் ட்யூனிங், ப்ரொப்பெல்லர்

தோட்டக் குழாயை மாட்டி ட்ரெய்லரிலேயே ரேஸ் செய்து பார்க்காதீர்கள். லோடு இல்லாமல் பூஸ்ட் வராது, குழாய் நீரும் போதாது. ஐடிலில் கசிவு பார்க்க மட்டும் அது உதவும்.

முதல் ஓட்டத்துக்கு முன்பே ப்ரொப்பெல்லரைப் பெரிதாக்குங்கள். பிட்ச் (ஒரு சுற்றில் ப்ரொப்பெல்லர் முன்னேறும் தூரம்) ஒரு அங்குலம் கூடினால் 150 முதல் 200 ஆர்பிஎம் குறையும். 23 பிட்ச்சில் 4800 ஓடிய படகு இப்போது 5000ஐத் தாண்டத் துடிக்கும். 26 பிட்ச்சில் தொடங்குங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். பூஸ்ட் ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு ஏறுவதால், 5400 ஓடினால் 5 பிஎஸ்ஐ 5.8 ஆகிவிடும், நீங்கள் கேலிபரேட் செய்யாத இடம் அது. ரெவ் லிமிட்டரை 5000 முதல் 5100க்குள் வையுங்கள்.

3000, 3500, 4000, 4500 என்று ஏறுங்கள். ஒவ்வொன்றிலும் 10 நொடி நின்று நான்கு கேஜையும் இன்னொருவர் எழுதட்டும். ஓட்டுபவர் கண் நீரின் மேல்தான் இருக்க வேண்டும். பூஸ்டில் விகிதம் 11.5க்கும் 12.0க்கும் இடையில் இருக்க வேண்டும். 12.5ஐத் தொட்டாலோ, பெட்ரோல் அழுத்தம் பூஸ்டோடு ஏறாமல் நின்றாலோ, இன்டர்கூலருக்குப் பின் காற்று 60 டிகிரியைத் தாண்டினாலோ உடனே த்ராட்டிலை இறக்குங்கள். காரணம் தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படகில் எக்ஸாஸ்ட், காற்று இரைச்சலில் நாக் சத்தம் காதில் விழாது. பிளக்தான் சொல்லும். 4500இல் சில நொடி ஓட்டி, அங்கேயே இன்ஜினை அணைத்து, எட்டையும் கழற்றி லென்ஸில் பாருங்கள். பீங்கானில் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளியோ பளபளக்கும் அலுமினியத் துகளோ இருந்தால் டைமிங்கை 2 டிகிரி குறைத்து மீண்டும் தொடங்குங்கள். ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் இருந்தால் அதன் இன்ஜெக்டரை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

வேகத்தில் எதிர்பார்க்க வேண்டியதும் கணக்குதான். சறுக்கி ஓடும் படகில் வேகம் சக்தியின் வர்க்கமூலத்தோடு ஏறும். 415இலிருந்து 520க்கு ஏறத்தாழ 12 சதவீதம். மணிக்கு 96 கிலோமீட்டர் ஓடிய படகு 107 அல்லது 108 ஓடும். அதைவிடக் குறைந்தால் ப்ரொப்பெல்லரையும் ட்ரைவின் சாய்வான ட்ரிம்மையும் பாருங்கள். புல்லியைச் சிறிதாக்கி பூஸ்டை ஏற்றும் ஆசை இந்த இடத்தில்தான் வரும்; ஸ்டாக் பிஸ்டனோடு வேண்டாம்.

11. பிறகு பார்க்க வேண்டியவை

இன்ஜின் ஆயிலை முதல் 5 மணி நேரத்தில் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா பாருங்கள். அதன் பின் 50 மணிக்கு ஒரு முறை. பிளக்கை ஒவ்வொரு 25 மணிக்கும் கழற்றிப் படியுங்கள். கரைக்கு வரும்போது 3 முதல் 5 நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். கடல்நீர்ப் பம்பின் இம்பெல்லரை ஆண்டுதோறும் மாற்றுங்கள். தேய்ந்த இம்பெல்லர் இப்போது இன்ஜினையும் இன்டர்கூலரையும் ஒருசேரச் சுடவைக்கும்.

உப்புநீரில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் நன்னீரால் இன்டர்கூலரையும் சேர்த்து அலசுங்கள், அதில் துத்தநாகத் துண்டு இருந்தால் கரைந்த அளவைப் பாருங்கள். லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ் போலக் குளிர்காலத்தில் உறையும் ஊர் என்றால், இன்ஜின் பிளாக்கை வடிக்கும் அன்றே இன்டர்கூலரையும் அதன் தாழ்ந்த முனையில் திறந்து வடியுங்கள். பழைய பட்டியலை வைத்துக் குளிர்காலத் தயாரிப்பு செய்யும் ஒர்க்‌ஷாப்புக்கு இன்டர்கூலர் இருப்பதே தெரியாது; ஒரு சீட்டில் எழுதி இன்ஜினின் மேல் ஒட்டி அனுப்புங்கள்.